விற்றாயிற்று என்று அழுத்தாதவர்கள்

லிஃப்ட் மெக்கானிக் இணையத்தில் வாங்கிய பழைய கட்டில் முதல் வாரத்தில் நான்கடி நடந்தது. மேசை மூன்றடி. கட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை நோக்கியும் மேசை வாசலை நோக்கியும் போயின. அவர் வேலைக்குப் போயிருக்கும் பகலில், பார்க்க ஆளில்லாத நேரத்தில் மட்டுமே இது நடந்தது. மாலையில் வந்து இரண்டையும் பழைய இடத்துக்கு இழுத்து வைப்பார். மறுநாள் மாலை அவை மறுபடி அரையடி தள்ளி நிற்கும். தரை சரிவாக இருக்கலாம் என்று வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். குமிழ் நட்ட நடுவில் நின்றது. பதினெட்டு வருடமாகத் தூக்குக்குண்டு பிடித்து லிஃப்ட்டுகளை நேராக நிறுத்தியவர் அவர். மட்டம் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தார், செங்கல்லை முட்டுக் கொடுத்தார், லிஃப்ட்டில் கழற்றிப்போட்ட பழைய கம்பிவடத்தால் கட்டிலை ஜன்னலோடு சேர்த்துக் கட்டினார். கட்டில் இழுத்த இழுப்பில் ஜன்னல் கம்பிதான் வளைந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, வளைந்த கம்பிக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கட்டில் ஏன் நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மெக்கானிக் பயந்தது கட்டிலுக்கு அல்ல, அக்காவுக்கு. மூன்று வருடம் முன்பு அவர் மனைவி நோயில் இறந்துபோனாள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்காக வீட்டில் இருந்த மரச்சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆறு வயது மகளை ஒரு இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா வீட்டில் விட்டார். அந்த இரண்டு மாதம் மூன்று வருடமாயிற்று. அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள், பிள்ளை இல்லாதவள், நல்லவள், ஆனால் சொன்னால் சொன்னதுதான். மகளைக் கூட்டிக்கொள்கிறேன் என்று இவர் நாலாவது தடவையாகக் கேட்டபோது, கெட்டுப்போன பிரதித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று சாமான்களை எழுதி நீட்டினாள்.

"பொம்பளப்புள்ள பாயில படுத்து, தரையில எழுதி, துணிய மூட்டை கட்டி வெச்சு வளர வேண்டாம். கட்டில், மேசை, அலமாரி. பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். மூணும் இருந்தா புள்ள உன்னோட. இல்லேன்னா அவ என்கிட்டயே படிக்கட்டும், இனிமே இந்தப் பேச்ச எடுக்காத."

தம்பி மூன்றையும் வாங்கிவிட வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள். வாங்க முடியாமல் போய்விட வேண்டும் என்றும் மனதார விரும்பினாள். இரண்டும் உண்மைதான். தாளை இவர் கையில் கொடுத்த பிறகும் அதன் ஒரு முனையை அவள் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

கையில் இருந்த காசுக்குப் புதுச்சாமான் கடை வாசலில்கூட நிற்க முடியாது. எனவே மதிய இடைவேளைகளில், மொட்டைமாடி மோட்டார் அறைகளில் உட்கார்ந்து, விரிசல் விழுந்த போனில் பழைய சாமான்களின் விளம்பரங்களைப் பார்த்தார். விலை குறைந்ததிலிருந்து ஏறிப்போகும்படி வரிசைப்படுத்திக்கொண்டார். ஒரு மாதத்தில் அந்த மொழி அவருக்குப் பிடிபட்டது. 'அதிகம் பயன்படுத்தாதது' என்றால் வீட்டில் ஒரு பிள்ளை அதில் ஏறிக் குதித்தே வளர்ந்துவிட்டது. 'சிறு கீறல்' என்றால் ஒரு கால் இல்லை. 'அவசர விற்பனை' என்றால் வீட்டில் சண்டை. எல்லோரும் கேட்பதுபோல இவரும் 'இருக்கா?' என்று கேட்டார், 'கடைசி விலை என்ன?' என்று கேட்டார், அதற்கும் கீழே கேட்டுத் திட்டு வாங்கினார். ஐந்து நாள் சம்பளத்துக்கு ஒற்றைக் கட்டில் அமைந்தது. விற்றவன் அப்போதுதான் கல்யாணமாகி இரட்டைக் கட்டில் வாங்கிய ஒரு குமாஸ்தா. மூன்று நாள் சம்பளத்துக்கு இருவர் உட்காரும் மேசை ஒன்று அமைந்தது, 'அவசர விற்பனை' என்று போட்டிருந்தது. அத்துடன் காசு தீர்ந்தது. அலமாரி என்று பார்த்தால், இருப்பதிலேயே மலிவானது எட்டு நாள் சம்பளம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் காலையில் வந்து மாலையில் திரும்பிப் போவாள். கட்டில் நடப்பதை அவளிடம் மறைக்க இவர் கொஞ்சம் முயன்றார், பலிக்கவில்லை. அவள் சாக்பீஸ் கொண்டுவந்து கட்டிலின் நான்கு கால்களையும் மேசையின் நான்கு கால்களையும் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதினாள். அடுத்த ஞாயிறு வந்து எது எத்தனை விரல் தள்ளியிருக்கிறது என்று அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து எழுந்து பார்த்தால் அவளுடைய பையும் சுவரோரத்திலிருந்து ஒரு முழம் வாசல் பக்கமாக நகர்ந்திருக்கும். பிள்ளைதான் வைத்திருப்பாள் என்று அப்பா நினைத்தார். அப்பாதான் வைத்திருப்பார் என்று பிள்ளை நினைத்தாள். இருவருமே அதைப் பேச்சில் எடுக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னவர் வேன் டிரைவர். பன்னிரண்டு வருடமாகப் பழைய சாமான்களை மட்டுமே ஏற்றி இறக்குகிறவர். கட்டிலையும் மேசையையும் நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். மலிவாக ஏதாவது அலமாரி கண்ணில் பட்டதா என்று கேட்பதற்காக மெக்கானிக் அவரை வீட்டுக்கு அழைத்திருந்தார். வந்தவர் தரையில் கிடந்த வட்டங்களையும் தேதிகளையும் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. வித்தவங்க விளம்பரத்தை எடுத்துட்டாங்களா என்று மட்டும் கேட்டார். காசைத்தான் முழுசாகக் கொடுத்துவிட்டேனே என்றார் மெக்கானிக்.

"காசு வாங்கிட்டா மட்டும் ஆச்சுங்களா? குடுத்தவங்க குடுத்துட்டேன்னு சொல்லணும். 'விற்றாயிற்று'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அத அழுத்தணும். அழுத்துறவரைக்கும் பொருள் பாதி அவங்க வீட்லதான் இருக்கும். அந்தப் பாதி இந்தப் பாதியக் கூப்புட்டுக்கிட்டே இருக்கும்."

தான் கொண்டுபோய்க் கொடுத்த குளிர்பதனப் பெட்டி ஒன்று இரண்டு தெரு தாண்டிப் போனதையும், ஒரு சோபா சிக்னலில் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டதையும் அவர் பெட்ரோல் விலை சொல்வதுபோலச் சொன்னார். வீட்டுக்குள் சுவரும் கதவும் இடிப்பதால் அரையடிதான் போகும், வெளியே வந்துவிட்டால் ஒரு நாளைக்குப் பத்தடி தாராளமாகப் போகும் என்றார். மெக்கானிக் போனை எடுத்துப் பார்த்தார். கட்டில், மேசை இரண்டு விளம்பரங்களிலும் 'விற்பனையில்' என்ற பச்சை எழுத்து அப்படியே இருந்தது. குமாஸ்தாவுக்குச் செய்தி அனுப்பினார். அவன் புது மாப்பிள்ளை, மறந்துபோயிருந்தான்; மன்னிப்புக் கேட்டு உடனே அழுத்திவிட்டான். மறுநாள் மாலை கட்டில் சாக்பீஸ் வட்டத்துக்குள்ளேயே நின்றது. அதன் மேல் உட்கார்ந்து மெக்கானிக் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

மேசையை விற்ற அம்மாள் செய்தியைப் படித்தாள், பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மெக்கானிக் நேரே அவள் வீட்டுக்குப் போனார். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கூடத்தில் மேசை இருந்த இடம் காலியாக இருந்தது; தரைவிரிப்பில் நான்கு கால்களின் பள்ளம் பதிந்திருந்தது; பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நாற்பது வருடம் அவளும் தங்கையும் அதில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்தப் பேச்சே அந்த வீட்டில் இல்லை. ஐம்பத்தெட்டாவது வயதில் பல் பிடுங்கப் போன தங்கை, பல் டாக்டரையே கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அந்தக் கோபத்தில் மேசையை விற்றாள் அக்காக்காரி. தங்கை கண்ணில் படட்டும் என்றே விளம்பரத்தை எடுக்காமல் விட்டிருந்தாள். பட்டது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரோ ஒருத்தர் பொய்ப் பெயரில் 'இருக்கா?' என்று கேட்பதும், அது தங்கைதான் என்று தெரிந்தே இவள் பதில் போடாமல் இருப்பதும் இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் மகளைப் பற்றிச் சொன்னார், அக்காவின் தாளைக் காட்டினார், கெஞ்சினார். ஒரு பொருளைக் கொடுத்தால் முழு மனதோடு கொடுக்க வேண்டாமா என்று கொஞ்சம் கோபமாகவும் கேட்டார். அவள் அசையவில்லை. தங்கை சொந்தப் பெயரில் வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்புறம் எடுக்கிறேன் என்றாள். தன் விளம்பரம் அவர் போனில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக அதைக் கேட்டு வாங்கினாள். முப்பது வருடம் ஊரார் பேச்சைக் கேட்டுப் பழகியவள். கையில் வந்ததைப் பார்க்காமல் விடுவாளா? ஒரு மூலையில் 'உங்கள் விளம்பரங்கள்: 1' என்று இருந்ததை அழுத்தினாள்.

"ஊருக்குத்தான் உபதேசமா? இங்க உங்களோட அலமாரி ஒண்ணு மூணு வருஷமா விற்பனையிலேயே இருக்கே."

மறந்துவிட்டேன் என்றார் மெக்கானிக். அது பொய். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்க்காமல் இருந்ததில்லை. இதே போனில் அதைப் போட்டவள் அவர் மனைவி, இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம். அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. படத்தை எடுத்தவள் அந்தக் கண்ணாடியில் விழுந்திருந்தாள்: சாயம்போன நைட்டி, ஒட்ட வெட்டிய முடி, முகத்தில் பாதியை மறைத்த போன், மீதிப் பாதியில் ஒரு சிரிப்பு. பின்னாலிருந்து இவர் என்னவோ சொன்னதற்கு வந்த சிரிப்பு. என்ன சொன்னோம் என்பது இவருக்கு மறந்துவிட்டது. படத்தைத் தனியாகச் சேமித்துக்கொண்டு விளம்பரத்தை எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சேமித்தும் வைத்திருந்தார். ஆனால் விளம்பரத்தில் படத்துக்குக் கீழே அவள் எழுதியது இருந்தது: 'உறுதியான அலமாரி. கண்ணாடியில் ஒரு மூலை மங்கல். பக்கவாட்டில் பென்சில் கோடுகள் இருக்கும், தயவுசெய்து அழிக்க வேண்டாம்.' அதற்கும் கீழே 'விற்பனையில்' என்று பச்சையாக எரிந்தது. அதை அணைக்க அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். நீங்கள் அழுத்தினால் நானும் அழுத்துகிறேன் என்று பேரம் பேசுவாள் என மெக்கானிக் எதிர்பார்த்தார், அப்படிப் பேசினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பேசவில்லை. அவர் போனை அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"என் தங்கச்சி உசுரோட இருக்கா. நான் போன் பண்ணிக்கலாம்."

'விற்றாயிற்று' என்று அழுத்திவிட்டாள். அவள் போன் பண்ணத் தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் தங்கையே கூப்பிட்டாள். மேசையை யார் வாங்கினார்கள், எவ்வளவுக்கு, அதை ஏன் அவ்வளவு மலிவாகக் கொடுத்தாய் என்று சண்டையோடு ஆரம்பித்தாள். இரண்டு பேருமே அழுகிறார்கள் என்று தெரிந்ததும் மெக்கானிக் செருப்பைப் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தும்போது அந்த அம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, உங்களுக்கு ஒரே ஆளிடமிருந்து நாற்பத்தோரு செய்தி வந்து கிடக்கிறது, ஒன்றையும் திறக்கவில்லை, முதலில் அதைப் படியுங்கள் என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படித்தார். அந்த விளம்பரத்துக்கு வருவதெல்லாம் 'இருக்கா?' என்று கேட்பவைதான் என்று அதுவரை அவர் எதையும் திறந்ததில்லை. இந்த நாற்பத்தொன்றும் அலமாரியை வாங்கிய பேக்கரிக்காரர் எழுதியவை. முதல் வாரமே ஆரம்பித்திருந்தது: 'ஐயா, அலமாரி கொஞ்சம் நகருது, அங்கயும் அப்படித்தானா?' மூன்றாம் மாதம்: 'தினம் இழுத்து இழுத்து என் மனைவிக்கு இடுப்புப் புடிச்சிருச்சு.' ஏழாம் மாதம்: 'கதவ தெறந்து விட்டுட்டோம். துணிய எடுத்துக்கிட்டோம்.' அதற்குப் பிறகு வந்தவை மகனை வெளியூருக்கு அனுப்பியவர் எழுதுவதுபோல இருந்தன. 'தெருமுனை தாண்டியாச்சு. மழை வரும்போல இருந்துச்சு, பிளாஸ்டிக் ஷீட் சுத்தி விட்டேன்.' 'இன்னைக்குத் திடீர்னு மேற்கால திரும்பி நிக்குது, வீடு மாத்தினீங்களா?' மாற்றியிருந்தார்; மூன்று வருடத்தில் மூன்று வாடகை வீடு. விளம்பரத்தில் இருக்கும் இடம் போன் போகிற இடமெல்லாம் மாறும். ஒவ்வொரு தடவையும் அலமாரி பாதி வழியில் திரும்ப வேண்டியிருந்தது, அதிலேயே அதற்கு எட்டு மாதம் வீணானது. நாற்பத்தோராவது செய்தி ஆறு மாதம் பழையது: 'பாலம் ஏறி எறங்கிருச்சு. இதுக்கு மேல எங்க வண்டி வராது, இனி உங்க பாடு. நாங்க புதுசா ஒண்ணு வாங்கிட்டோம், காசு ஒண்ணும் வேண்டாம். கோட்ட நாங்க அழிக்கல.'

மெக்கானிக் பஸ்ஸை விட்டுவிட்டுப் பாலத்துக்கு நடந்தார். அன்றும் மறுநாளும் பாலத்திலிருந்து வீடுவரை விசாரித்துக்கொண்டே வந்தார். ஆமாம், போனது என்றார்கள். முடிவெட்டும் கடைக்காரர் தன் கடை வாசலில் அது நின்ற மூன்று நாளும் ஷீட்டை விலக்கி, வாடிக்கையாளர்களுக்குப் பின்தலையை அதில்தான் காட்டியதாகச் சொன்னார். சைக்கிள் கடைக்காரர் போன வாரம் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு இந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை. மெக்கானிக் குடியிருந்த கட்டிடத்தின் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மூடி வைத்த இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஷீட் சுற்றி என்னவோ நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு மீதியிருந்த மூன்று நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தார். ஷீட் போட்டு மூடியதெல்லாம் வண்டிதான் என்று நினைப்பது அந்தக் கட்டிடத்தின் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா மகளோடு வந்தாள். கீழே லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது, உள்ளே ஷீட் சுற்றிய பெரிய சாமான் ஒன்று இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு நின்றது. அது நாலு பேர் ஏறும் லிஃப்ட். சாமான் ஏற்றுகிறவர்கள் படியில் ஏற்ற வேண்டும், மனுஷர் லிஃப்ட்டில் போக வேண்டும், இது என்ன ஊர் என்று அக்கா சத்தம் போட்டாள். கதவு மூடி லிஃப்ட் மேலே போயிற்று. முழங்கால் வலியோடு அவள் நாலு மாடி ஏறினாள். மாடிக்கு ஒரு தடவை நின்று, தம்பியை ஒரு தடவை திட்டினாள். மேலே வந்தால் அந்தச் சாமான் தம்பி வீட்டு வாசலில், கதவைப் பார்த்தபடி நின்றது. அன்று மாலை மெக்கானிக் லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நாலாவது மாடிக்குப் பொத்தானை யாரும் அழுத்தியிருக்கவில்லை. லிஃப்ட்டில் கோளாறும் இல்லை.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர் ஷீட்டைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினார். கதவை அகலத் திறந்து பிடித்தார், அவ்வளவுதான். அக்கா முதலில் உள்ளே போய்த் தன் வேலையைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். மேசையை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. தாளில் இரண்டை அடித்தாள். அலமாரி எங்கே என்று கேட்டுத் திரும்பியபோது அது கூடத்துக்குள் வந்திருந்தது; தம்பி சாவியால் ஷீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துப் புழுதி. கண்ணாடியில் ஒரு மூலை மங்கல். அதில் அக்கா தெரிந்தாள், தம்பி தெரிந்தார், பிள்ளை தெரிந்தாள். வேறு யாரும் தெரியவில்லை. தெரிந்தார்கள் என்று பின்னாளில் சிலர் சொன்னது கட்டுக்கதை. பக்கவாட்டில் பென்சில் கோடுகள் இருந்தன, இறந்தவளின் கையெழுத்தில் ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது.

பிள்ளை யாரும் சொல்லாமல் போய், குதிகால் ஒட்ட, முதுகு ஒட்ட, கோடுகளில் சாய்ந்து நின்றாள். ஆறு வயதுக்குப் பிறகு அவள் அப்படி எதிலும் நின்றதில்லை. மெக்கானிக் பென்சில் தேடினார். அந்த வீட்டில் பென்சில் இல்லை. அக்கா தன் கைப்பையிலிருந்து கடைப் பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்தாள். ஸ்கேலைப் பிள்ளையின் தலைமேல் மட்டமாக வைத்துக் கோடு போட்டாள், தேதி எழுதினாள். பிள்ளை நகர்ந்தாள். கீழே கடைசியாக இருந்த கோட்டுக்கும் இந்தப் புதுக் கோட்டுக்கும் நடுவில் வெறும் பலகை. அதன் மேல் அக்கா கையை விரித்து வைத்து அளந்தாள். சரியாக ஒரு சாண் இருந்தது.

"இது என் வீட்டுல வளந்தது," என்றாள்.

அதை யாரும் மறுக்கவில்லை. தம்பி தலையை ஆட்டினார். ஆமாக்கா, அது உன் வீட்டில் வளர்ந்ததுதான் என்றார். அக்கா அந்த இடத்திலிருந்து கையை எடுக்க நேரமாயிற்று. வேன் டிரைவர் சொன்ன விஷயம் அவளுக்குத் தெரியாது, யாரும் அவளிடம் சொன்னதில்லை. கையை எடுத்த பிறகு அவளாகத்தான் சொன்னாள்.

"குடுத்துட்டேன்டா தம்பி. புள்ளய உன்கிட்ட குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு மேசையோரம் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை போய் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டாள். படி ஏறின முழங்காலுக்குத் தம்பி எண்ணெய் சுட வைத்தார். மூவரும் சாப்பிட்டு எழுந்தபோது மணி மூன்று. சுவரோரம் வைத்த பை, வைத்த இடத்திலேயே இருந்தது.

அலமாரி அதற்குப் பிறகு ஒரு விரல்கூட நகரவில்லை. இப்போது அதில் அக்காவின் கையெழுத்தில் இன்னும் நாலு கோடுகள் இருக்கின்றன. கோடு போட மட்டும் அவள்தான் வர வேண்டும் என்று ஏற்பாடு. விளம்பரத்தை மெக்கானிக் எடுக்கவில்லை. படமும், அழிக்க வேண்டாம் என்ற வரியும், பச்சை எழுத்தும் அப்படியே இருக்கின்றன. விலை குறைந்ததிலிருந்து தேடிக்கொண்டு வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது 'இருக்கா?' என்று கேட்கிறார்கள். இவருக்கு வேலை நேரத்தில் போனைப் பார்க்க முடியாது. மாலையில் மகள்தான், மேசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதுகிறாள்: 'இருக்கு. விக்கறதுக்கு இல்ல.'